சாமைக் களத்தில் ஷூ தடம்

அத்தியாயம் – 9

சேட்டு ஒரு சைக்கிளைப் பார்த்துப் பயந்தது அன்றைக்குத்தான்.

"மேடம், இதுக்கு ஸ்டாண்டு எங்க?"

"கிடையாது."

"கேரியரு?"

"கிடையாது."

"பெல்லு? மட்கார்டு? பூட்டு?"

"ஒண்ணுமே கிடையாது, சேட்டு. எதெல்லாம் இல்லையோ அதுக்கெல்லாம் சேர்த்துத்தான் விலை போடுறாங்க," என்றாள் கோகிலவாணி.

சேட்டு அந்த வாடகை சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். டயர், புல்லட் டயருக்கு அண்ணன். ஹேண்டில்பார் உழவு மாட்டுக் கொம்பு அகலத்துக்கு விரிந்திருந்தது. அவனுடைய கணியம்பாடியில் இதை ஒருவன் ஓட்டிக்கொண்டு போனால், பாதி சாமானைத் திருட்டுக் கொடுத்துவிட்டானே பாவம் என்று எதிரே வருகிறவர்கள் விசாரிப்பார்கள்.

திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மிட்டாய்க் கடைக்கு மேல் மாடியில் இயங்கும் துப்பறியும் நிலையத்துக்குக் கோகிலவாணி முதலாளி. சேட்டு அதன் மொத்த ஊழியர் படை. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையை விசாரிப்பது, கல்யாணத்துக்குப் பின்னால் அதே மாப்பிள்ளையைப் பின்தொடர்வது என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவர்களைக் கார்த்திகைக் குளிரில் ஜவ்வாது மலைக்கு இழுத்து வந்தது காணாமல் போன ஒரு சைக்கிள்.

சாதாரண சைக்கிள் இல்லை. 'மலைப்புலி' பிரகாஷின் சைக்கிள். மலைச்சரிவில் தலைதெறிக்க அவர் இறங்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, சமவெளியில் பால் வாங்கப் போகும்போதுகூட ஹெல்மெட் மாட்டிக்கொள்ளும் ரசிகர் கூட்டம் ஒன்று உண்டு. நாளைக்கு மலையில் பந்தயம். ஊரிலிருந்து வந்த அந்தக் கூட்டம் புளியந்தோப்பில் கூடாரம் அடித்துக் கிடந்தது. இன்று விடியும் நேரத்தில் புலியின் வாகனத்தைக் காணோம்.

திருடன் என்று ஒருவனைப் பிடித்தும் ஆகிவிட்டது. முகாமுக்கு விறகு கொண்டுவந்த சடையன். சாமை, புளி, இரண்டு மாடு என்று வாழும் மலைக்காரன். அவனைச் சாமான் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டு, கீழேயிருந்து போலீஸ் ஜீப் வருவதற்காகக் காத்திருந்தார்கள். அதற்குள் சைக்கிளைச் சத்தமில்லாமல் கண்டுபிடித்துக் கொடுத்தால் நல்லது என்று பந்தயம் நடத்தும் இளவரசன் கோகிலவாணிக்குப் போன் போட்டிருந்தார். ஆலங்காயம் பக்கம் விடுதி வைத்திருப்பவர். அவருக்கு வேண்டியது சைக்கிள். உண்மை கிடைத்தால் அதை வைத்துக்கொள்ள அவரிடம் இடமில்லை.

"ஏறு சேட்டு. திருடன் எந்த வழியா போயிருப்பான்னு இதை ஓட்டிப் பார்த்தாதான் தெரியும்."

"நீங்க ஓட்டுங்க மேடம்."

"நான் யோசிக்கணும்."

சேட்டு ஏறினான். இரண்டு மிதி மிதித்தான். மூன்றாவது மிதியில் கால் வழுக்கியது. பெடல் கிர்ரென்று பின்னால் சுழன்று வந்து அவன் கணைக்காலைக் கடித்தது. ஆமாம், கடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஷூ வழுக்காமல் இருக்கப் பெடல் முழுக்க இரும்பு முனைகள் வரிசையாகத் திருகப்பட்டிருந்தன. பேண்ட்டைத் தூக்கிப் பார்த்தால், தையல் மெஷின் ஓட்டியதுபோல் வரிசையாக ரத்தப் புள்ளிகள்.

"அய்யோ! சைக்கிளுக்குப் பல்லு வெச்சவன் எவன்டா?"

பக்கத்து டீக்கடையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. தகரக் கொட்டகைக்குள் டீ ஆற்றிக்கொண்டிருந்த இளம்பெண் ஒருத்தி, சிரித்த கையோடு துணியும் தண்ணீரும் எடுத்து வந்தாள். ஓடையில் தண்ணீர் மொண்டு வந்த ஈரம் காயாமல், சுடிதார் பேண்ட்டை முட்டிக்குக் கீழே சுருட்டி விட்டிருந்தாள்.

"குதிகால கீழ எறக்கி மிதிக்கணும்ண்ணா. வெரலால மிதிச்சா அது இப்டித்தான் கடிக்கும்," என்றாள்.

கட்டுப்போடக் குனிந்தவளின் காலிலும் பழைய புள்ளித் தழும்புகள் மினுங்கின.

"உன்னையும் கடிச்சிதா?"

"அது ஈச்ச முள்ளுண்ணா," என்று பேண்ட்டை இறக்கி விட்டுக்கொண்டாள். பிறகு கோகிலவாணியின் பக்கம் திரும்பினாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "மேடம், நான் செல்லி. சடையன் எங்கண்ணன். அண்ணன வுட்ருவாங்களா?"

"சைக்கிள் கிடைச்சா விட்டுடுவாங்க."

"கெடைக்கலன்னா?"

கோகிலவாணி கீழேயிருந்து ஜீப் ஏறி வரும் பாதையைப் பார்த்தாள்.

"ஒரு தபா ஜீப்புல ஏத்திட்டா அவ்ளோதான் மேடம். அப்பால மலையில ஒரு கோழி காணாமப் போனாலும் எங்க வூட்டுக்குத்தான் மொதல்ல வருவாங்க. எங்கண்ணன் ஒரு அரிவாள இரவல் வாங்குனாக்கூட அன்னிக்கே திருப்பிக் குடுக்குற ஆளு." அவள் அழவில்லை. டீ வடிகட்டியை வைத்துக் குவளையைப் பலமாக ஒரு தட்டுத் தட்டினாள். அவ்வளவு கோபம்.

சேட்டுக்கு அந்தக் கொட்டகைச் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் மனிதனை நினைத்து மனசு கனத்தது. கோகிலவாணியோ சேட்டுவின் காலில் இருந்த புது ரத்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இரக்கம் மருந்துக்கும் இல்லை.

*

மலைப்புலி கூடாரத்துக்கு வெளியே மடக்கு நாற்காலியில் துக்கம் காத்துக்கொண்டிருந்தது. ஆறடிக்கு மேல் உயரம். அரை டிராயர். புத்தம்புது ஷூ. சுற்றிலும் ரசிகர்கள் அவர் உருவம் அச்சடித்த பனியனோடு நின்றார்கள். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கும் உருவம் அது. அதற்கு 'புலித்தூக்கு' என்று பெயராம்.

"அது வெறும் பைக் இல்ல மேடம். என் உடம்போட ஒரு பார்ட்," என்றார் பிரகாஷ்.

"பார்ட்டு காணாமப் போயும் நல்லாத்தான் நடமாடுறீங்க சார்," என்றான் சேட்டு.

ரசிகர்கள் முறைத்தார்கள். கோகிலவாணி மென்மையாகக் கேட்டாள்: "சடையன் மேல எப்படிச் சந்தேகம் வந்துச்சு?"

"விறகு கொண்டு வந்தப்ப பைக்கையே பார்த்துட்டு இருந்தான். அந்தப் பார்வை சரியில்ல."

"நாளைக்கு வேற சைக்கிள்ல ஓட்டலாமே? இங்க நிறைய இருக்கு."

"நோ மேடம். அது அந்த பைக்குக்கு நான் பண்ற துரோகம். அது கிடைக்கலன்னா ரேஸ்ல இருந்து கண்ணீரோட விலகிடுவேன்." கண்ணீர் இன்னும் வரவில்லை. ஆனால் அதைப் படம் பிடிக்க ஒருவன் கேமராவோடு தயாராக இருந்தான்.

"எவ்வளவு வருஷமா மலையில ஓட்டுறீங்க?"

"சின்ன வயசுல இருந்து."

"விழுந்ததுண்டா?"

"ஆயிரம் தடவை! மலை என்னைக் கடிச்சுத் துப்பியிருக்கு மேடம்."

"பார்த்தாலே தெரியுது," என்றாள் கோகிலவாணி. அவள் பார்வை அவருடைய முழங்காலுக்குக் கீழே இருந்தது. சேட்டுவும் பார்த்தான். தோல் சீவிய நுங்குபோல வழவழவென்று இரண்டு கால்கள். ஒரு கீறல் கிடையாது.

வெளியே வந்ததும் சேட்டு முணுமுணுத்தான். "நான் மூணு மிதி மிதிச்சேன், காலு கந்தலாப் பூட்சி. இந்தாளு சின்ன வயசுல இருந்து மிதிக்கிறாரு, கால்ல ஒரு கோடு இல்ல. இன்னா மேடம், பெடலு ஆளு பார்த்துக் கடிக்குமா?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். நட."

*

பந்தயப் பாதை தோப்பிலிருந்து இறங்கி, மூங்கில் புதர்களுக்கு நடுவே நெளிந்து, ஒரு சாமைக் களத்தின் ஓரமாக வந்து முட்டியது. களத்தைச் சுற்றிக் கரடுமுரடாகப் பாறை. நடுவில் வட்டமாக, சாணி மெழுகிய தரை. அறுத்த சாமைக் கதிர் பக்கத்தில் அடுக்கிக் கிடந்தது. களத்தின் ஓரத்தில் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி, இடுப்பில் கை வைத்தபடி, பெயர் தெரியாத ஒருவனின் வம்சத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். செல்லிக்குச் சித்தி முறை, மாணிக்கம்மாள்.

"இன்னாக்கா ஆச்சு?" என்றான் சேட்டு.

"பாரு! நேத்து சாயங்காலம் மெழுகுனேன். ஈரங்கூட காயறதுக்குள்ள, எவனோ வெடிகாலைல ஷூ காலோட நட்டநடுவுல நடந்துகினு போயிருக்கான்!"

தடம் அச்சு வார்த்ததுபோல் காய்ந்திருந்தது. தடித்த டயர் ஒரு கோடு. அதன் இடப்பக்கம் பெரிய ஷூ தடங்கள். ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு களத்தைக் குறுக்கே கடந்திருந்தான்.

"திருப்பி மெழுகிட வேண்டியதுதானேம்மா?" என்றாள் கோகிலவாணி.

"மெழுவுறதா? எவன் மிதிச்சானோ அவன் வந்து பார்க்கணும். பார்த்துட்டு அவனே மெழுவணும். அதுவரைக்கும் கதிர் அடிக்க மாட்டேன். தானியம் வுழுற எடம்மா இது. மாட்டை ஓட்டுற ஆம்பளைங்களே செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள வருவாங்க. செருப்போட உள்ள வந்தா தானியம் பெருகுமா, பொலி தங்குமா?"

டயர் தடம் களத்தைத் தாண்டி ஒரு வைக்கோல் போரில் போய் முடிந்தது. சேட்டு கையை விட்டான். ஏதோ குளிர்ந்த இரும்பு தட்டுப்பட்டது. இழுத்தான். வைக்கோலுக்குள்ளிருந்து முதலில் கொம்பு வந்தது, பிறகு முழு மிருகமும் வந்தது.

"மேடம்! புலி வாகனம்!"

சந்தோஷம் ஒரு நிமிஷம்தான். "இது யார் போரும்மா?" என்று கோகிலவாணி கேட்டாள்.

மாணிக்கம்மாளின் திட்டு பாதியில் நின்றது. "எங்க சடையனோடது," என்றாள் மெல்ல.

சரியாக அதே நேரத்துக்கு இளவரசன் தன் ஜீப்பில் வந்து இறங்கினார். சைக்கிளைப் பார்த்தார், போரைப் பார்த்தார், யாருடையது என்று விசாரித்தார், பிள்ளை பிறந்த சேதி கேட்டவர்போல முகம் மலர்ந்தார். "பிரமாதம் மேடம்! சடையன் போர்ல சடையன் ஒளிச்ச பைக். முடிஞ்சுது. போலீஸ் வந்ததும் அப்படியே ஒப்படைச்சிடலாம்."

சேட்டு கையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டான். தேடிக் கொடுத்தவன் அவன். அந்தப் பெண்ணின் அண்ணனை ஜீப்பில் ஏற்றுவதற்கு வைக்கோலுக்குள் கை விட்டவனும் அவன்தான். மாணிக்கம்மாள் அவனைப் பார்த்த பார்வையில் டீக்கடைக்குத் திரும்பிப் போகும் வழியே அடைந்துபோயிற்று.

"சார், ஒரு சின்ன உதவி," என்றாள் கோகிலவாணி. "சடையன் தன் சித்தியோட களத்துல, தானியம் அடிக்கப் போற அன்னைக்கு, ஷூ போட்டுட்டு நடப்பானா?"

"அவசரத்துல நடந்திருப்பான்."

"சரி. இதைப் பாருங்க." அவள் கைப்பேசியை எடுத்தாள். மலை மேல் நெட் எடுக்காது என்று தெரிந்து, வரும் வழியிலேயே ஆலங்காயத்தில் நிறுத்தி மலைப்புலியின் வீடியோக்களை இறக்கி வைத்திருந்தாள்.

படத்தில் இதே பாதை. முகம் மூடிய ஹெல்மெட், உடம்பெல்லாம் கவசம் அணிந்த உருவம் ஒன்று காற்றாய் இறங்கி வருகிறது. இதே களம். நேராகப் போனால் நொடியில் தாண்டிவிடலாம். ஆனால் அந்த உருவம் கிறீச்சென்று நிறுத்தி இறங்குகிறது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, பாறை மேல் கால் வைத்து, களத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. மறுபக்கம் போனதும் குனிந்து தரையைத் தொட்டு, கையை ஹெல்மெட்டில் வைக்கிறது. பிறகு மறுபடி காற்றாய் மறைகிறது.

"புலித்தூக்கு! உலகத்துலயே நம்ம பிரகாஷ் மட்டும்தான் இதைப் பண்ணுவாரு," என்றார் இளவரசன் பெருமையாக. "கடைசியில வர்றது இயற்கை அன்னைக்கு சல்யூட். பசங்க வேலூர்ல கார் பார்க்கிங்ல எல்லாம் பண்றாங்க."

"எதுக்காகத் தூக்குறாரு?"

"அது... தோள் பலத்துக்குன்னு ஒரு கட்சி. எதிராளியைக் குழப்புறதுக்குன்னு ஒரு கட்சி. விவாதம் நடந்துட்டே இருக்கு."

மாணிக்கம்மாள் எட்டிப் பார்த்தாள். "இதுல இன்னா விவாதம்? களத்து மேல வண்டி ஓட்டக் கூடாதுன்னு சுத்திகினு போவுது. தொட்டுக் கும்புடுது. நல்லா வளத்த புள்ள யாரோ."

இளவரசன் வீடியோவை இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தார்.

"சேட்டு, இந்த சைக்கிள்ல ஏறி உட்காரு," என்றாள் கோகிலவாணி.

"மறுபடியுமா? துப்பு துலக்குறது நீங்க, அடிபடுறது நானா?"

"உட்காரு. லீவரை அமுக்கி சீட்டை எவ்வளவு ஏறுமோ அவ்வளவு ஏத்தியாச்சு."

சேட்டு உட்கார்ந்தான். பெடலில் கால் அளவெடுத்ததுபோல் பொருந்தியது. பிறந்ததிலிருந்து அவன் ஏறிய வண்டிகளில் கால் சரியாக எட்டிய முதல் வண்டி அதுதான். இளவரசன் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மேலிருந்து கீழ் ரொம்ப தூரம் இல்லை.

"இதுல பிரகாஷ் உட்கார்ந்தா முட்டி தாடையில இடிக்கும்," என்றாள் கோகிலவாணி. "இன்னும் ஏத்தணும்னா அடியில இருக்கிற போல்ட்டைக் கழட்டணும். அது மேல பழைய சேறு காஞ்சு கெடக்கு. ரொம்ப நாளா யாரும் தொடல. சார், உங்க மலைப்புலி இந்த சைக்கிள்ல உட்கார்ந்ததே இல்ல. வீடியோவுல வர்றவர் களத்தைச் சுத்திப் போறவர். இன்னைக்குக் காலைல சைக்கிளைத் தள்ளிட்டு வந்து இங்க ஒளிச்சவர் களத்தை மிதிச்சுட்டுப் போறவர். ரெண்டு பேரும் ஒரே ஆள் இல்ல."

"அப்ப ஓட்டுறது யாரு?"

சேட்டு சைக்கிள் மேலேயே உட்கார்ந்து தன் கணைக்காலைப் பார்த்தான். கட்டுத் துணியைக் கொஞ்சம் விலக்கினான். வரிசைப் புள்ளிகள். குதிகாலைக் கீழே இறக்கி மிதிக்கணும் என்று யார் சொன்னது?

"மேடம்," என்றான் மெதுவாக. "ஈச்ச முள்ளு வரிசையா குத்துமா?"

"எப்படா கேப்பேன்னு பார்த்துட்டு இருந்தேன்," என்றாள் கோகிலவாணி.

*

செல்லி மறுக்கவில்லை. டீப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஆமா, நான்தான். பள்ளிக்கூடத்துல குடுத்த எலவச சைக்கிள்ல இந்த மலை முழுக்க எறங்குனவ நான். ப்ரேக்கு கட்டை தேஞ்சி பூட்சி, காலைத் தேய்ச்சி நிறுத்துவேன். போன வருசம் அவரு படம் புடிக்க வந்தாரு. எறக்கத்துல எறங்கி சைக்கிளத் தள்ளிகினு போனாரு. நான் புல்லுக்கட்டோட அவரத் தாண்டிப் போனேன். அப்பத்தான் கேட்டாரு, என் ட்ரெஸ்ஸ மாட்டிகினு ஓட்றியான்னு."

"ஏன் ஒத்துக்கிட்ட?"

"அந்த சைக்கிள நீங்க ஓட்டிப் பாருங்க மேடம்," என்றாள் செல்லி. அந்த ஒரு வாக்கியத்தில் அவள் முகம் வெளிச்சமாகி, மறுபடி இருண்டது. "அடுத்த ரேஸுல உன் பேருலயே ஓட்டலாம்னு சொன்னாரு. நம்பிட்டேன். நேத்து போயி, ரேஸுல என் பேருல ஓட்றேன், இல்லன்னா ஓட்டவே மாட்டேன்னு சொன்னேன். காலைல பார்த்தா சைக்கிளக் காணோம், எங்கண்ணன் கொட்டாயில. வாயத் தொறக்காம இரு, ரேஸு முடிஞ்சதும் உங்கண்ணன வுடச் சொல்றேன்னு சேதி அனுப்புறாரு."

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமே?" என்றான் சேட்டு.

"சொன்னா? அவரு பொம்ம போட்ட பனியன மாட்டிகினு என் கடையில டீ குடிக்கிறாங்கண்ணா. டீ ஆத்துறவதான் அந்தப் பொம்மன்னா நம்புவாங்களா?"

நம்ப மாட்டார்கள். சேட்டுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"சொல்லவே வேண்டாம்," என்றாள் கோகிலவாணி. "ஓட்டு. அண்ணனுக்காக ஒரு தடவை, ஹெல்மெட் போட்டு, ஆனா முகம் தெரியுற ஹெல்மெட்."

*

பைக் கிடைத்துவிட்டது, பிரகாஷ் களத்தில் புலித்தூக்கு செய்து காட்டுவார் என்று ஒலிபெருக்கியில் இளவரசனையே அறிவிக்க வைத்தாள் கோகிலவாணி. அவர் மறுக்கத்தான் பார்த்தார். போலியை நிறுத்திப் பந்தயம் நடத்துகிறவர் என்று போலீஸிடம் பெயர் வாங்க ஆசையா என்று அவள் கேட்ட பிறகு, மைக்கை அவரே எடுத்துக்கொண்டார்.

களத்தைச் சுற்றிப் பாறையெல்லாம் பனியன்கள். பிரகாஷ் முகத்தில் ஈயாடவில்லை. "ஷோல்டர்ல வலி. டாக்டர் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு," என்றார்.

"எந்த டாக்டரு? நேத்து சொன்னாரா, இப்பவா?" என்றான் சேட்டு.

"பரவாயில்ல சார், நீங்க ரெஸ்ட் எடுங்க," என்றாள் கோகிலவாணி. "சைக்கிள் சரியா இருக்கான்னு வேற ஆள் ஓட்டிப் பார்க்கட்டும்."

மேலே மூங்கில் புதர் அசைந்தது.

சேட்டு பிற்பாடு பலரிடம் இதை விவரிக்க முயன்று தோற்றான். சைக்கிள் இறங்கவில்லை, மலை அதைக் கைமாற்றிக் கைமாற்றிக் கீழே கொடுத்தது என்பான். வேர் மேல் எகிறி, பாறை மேல் உட்கார்ந்து, திருப்பத்தில் மண்ணைச் சீவிக்கொண்டு வந்தது. சுடிதாரும் திறந்த முகமுமாக வந்தாள் செல்லி. பல்லைக் கடித்திருந்தாள். கண்ணில் தண்ணீர், காற்றுக்கா கோபத்துக்கா தெரியவில்லை. களத்தின் விளிம்பில் கிறீச்சென்று நின்றாள். இறங்கினாள். தோளில் தூக்கிக்கொண்டு பாறை மேல் சுற்றி நடந்தாள். மறுபக்கத்தில் குனிந்து தரையைத் தொட்டாள். மறைக்கும் ஹெல்மெட் இல்லாததால், அந்தக் கையை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்தது.

சேட்டு பனியன்களின் பக்கம் ஆவலாகத் திரும்பினான். இப்போதாவது இந்த ஜனங்களுக்குப் புரியும் என்று நினைத்தான்.

"பிரகாஷ் ப்ரோ ஸ்டைலை அப்படியே காப்பி அடிக்குது பாரு!" என்றான் முன்வரிசைப் பனியன்.

"நல்ல முயற்சிதான். ஆனா சல்யூட் தப்பு," என்றான் பக்கத்துப் பனியன். "அக்கா, கையைக் கண்ணுல வைக்கக் கூடாது. ஹெல்மெட்ல வைக்கணும்."

பிரகாஷின் முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது. தோள் வலி மறைந்து கைதட்டவே ஆரம்பித்தார். "சூப்பர்மா! இன்னும் ப்ராக்டிஸ் பண்ணு!"

சேட்டு பாய்ந்துவிடுவான் போலிருந்தது. கோகிலவாணி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தி, மாணிக்கம்மாளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

மாணிக்கம்மாளுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. "ஏம்பா, அவ்ளோ பேரும் வந்துட்டீங்க இல்ல? என் களத்த மிதிச்சவன் எவன்? ஒவ்வொருத்தனும் காலத் தூக்கிக் காட்டுங்க!"

அந்தக் குரலுக்குக் கட்டுப்படாமல் இருக்க முடியாது. பனியன்கள் எல்லோரும் மரத்தையும் பக்கத்தில் இருந்தவன் தோளையும் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று தங்கள் ஷூவின் அடியைப் பார்த்தார்கள். மண், தழை, பபிள்கம். இளவரசன்கூடத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

ஒருவர் மட்டும் தூக்கவில்லை. இரண்டு காலையும் பூமியில் நட்டுக்கொண்டு நின்றார்.

"தம்பி, நீயும் தூக்கு."

"அம்மா, இது பிராண்டட் ஷூ..."

"பரவால்ல, தூக்கு."

நீண்ட நேரம் கழித்துப் புலி காலைத் தூக்கியது. அடிப்பள்ளங்களில் சாணி காய்ந்து இறுகியிருந்தது. அதில் ஒட்டிக்கொண்டு வைக்கோல் துணுக்குகள். சேட்டு அந்த ஷூவின் அடியையும் களத்தில் இருந்த தடத்தையும் பார்த்தான். ஒட்டுமொத்தக் கூட்டமும் அதையேதான் செய்தது.

முன்வரிசைப் பனியன் ஓரடி முன்னால் வந்தான். "ப்ரோ... நீங்க களத்தைச் சுத்தித்தானே போவீங்க? மிதிக்க மாட்டீங்களே?"

ப்ரோ தூக்கிய காலைக் கீழே வைத்தார். அந்தப் பையன் மெல்லத் திரும்பி, தோளில் சைக்கிளோடு நின்ற செல்லியைப் பார்த்தான். தன் பனியனில் இருந்த உருவத்தைக் குனிந்து பார்த்தான். மறுபடி செல்லியைப் பார்த்தான்.

"அக்கா... அந்தத் தூக்கு... அது எதுக்கு?"

"களம்டா இது. வண்டி ஓட்டிகினு போவாங்களா?" என்றாள் செல்லி.

ஒரு வருஷ விவாதம் அத்தோடு முடிந்தது.

கொட்டகையைத் திறக்க இளவரசனே ஓடினார். சடையன் வந்தான். யாரும் மன்னிப்புக் கேட்கத் துணியவில்லை. அவன் தங்கையின் தலையில் ஒரு கணம் கை வைத்தான். பிறகு அந்த சைக்கிளைச் சுற்றி வந்து மேலும் கீழும் பார்த்தான்.

"இத்தயா நான் திருடுனேன்னீங்க? ஸ்டாண்டு கூட இல்லையே," என்றான்.

"அண்ணா, உன்ன மாதிரி ஒரு ஆளத்தான் நான் காலைல இருந்து தேடினு இருக்கேன்," என்றான் சேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இளவரசன் நாளைய பந்தயத்துக்கு மைக்கில் ஒரு புதிய பெயரைச் சேர்த்தார். செல்லி. போலீஸ் ஜீப் வந்து விஷயத்தைக் கேட்டு, பொய்ப் புகார் கொடுத்தவர் யார் என்று விசாரித்தது. அவர் கொஞ்சம் வேலையாக இருக்கிறார், காத்திருக்க வேண்டும் என்றாள் கோகிலவாணி.

மாணிக்கம்மாள் சாணி வாளியைப் பிரகாஷின் முன்னால் வைத்திருந்தாள். "ஷூவக் கழட்டிட்டு உள்ள வா. நடுவுல ஆரம்பிச்சி வட்டமா மெழுவு."

கேமராக்காரன் பழக்கத்தில் படம் பிடித்தபடியே இருந்தான். மலைப்புலியின் வீடியோக்களில் அவரே உண்மையாக நடித்தது அது ஒன்றுதான்.